மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையின் நடுவில் வாசிப்பார். இது எல்லாச் சபையிலும் உள்ளதுதான். பூதப்பாண்டிக்குத் தெற்கே வயலோரத்தில் இருக்கும் ரெனிஷாவின் சபையில் மட்டும் பெயரோடு படிப்பையும் வேலையையும் சேர்த்து வாசிக்கிற வழக்கம் உண்டு. எந்தக் காலத்திலோ பட்டதாரி மாப்பிள்ளை எடுத்த ஒரு குடும்பம் பெருமைக்குச் செய்து வைத்தது, ஊருக்கே ஒட்டிக்கொண்டது. இன்னொரு வழக்கம், ஓலை வாசிக்கும் நாளில் மணப்பெண் ஆலயத்துக்கு வரக்கூடாது, வீட்டோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் மாப்பிள்ளைக்கு அப்படித்தான். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், கண் பட்டுவிடும் என்று காரணம் சொல்வார்கள்.

ஆக மூன்று ஞாயிறு, சபை முழுக்க ஆலயத்துக்குள் இருக்க, ரெனிஷா தனியே வீட்டில். அவள் அம்மா தேவகனி, பெண்கள் சங்கக் கூட்டமும் முடிந்து திரும்ப மத்தியானம் ஒரு மணி ஆகும். சந்தேகம் பிடித்த ஒரு பெண்ணுக்கு இதைவிட வசதியை வேறு யாரும் செய்து கொடுத்திருக்க முடியாது.

சந்தேகப்படுவது ரெனிஷாவுக்குப் படிப்பாகவே ஆகிவிட்டது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அமெரிக்காவில் எடுத்த காதல் படங்களைப் பற்றியது. அங்கே நாலில் ஒருவருக்கு வேலை இல்லாமல், ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்தக் காலத்துப் படங்களில் ஒருவன் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு பணக்காரன் மாதிரி வருவான். ஒருத்தி இரவல் கவுனில் சீமாட்டி மாதிரி வருவாள். இரண்டு பேரும் பெரிய ஓட்டலில் உட்கார்ந்து, பசியே இல்லை என்று சொல்லி ஆளுக்கு ஒரு சூப் குடிப்பார்கள். கடைசி ரீலில் எங்கிருந்தோ ஒரு பணக்கார மாமா வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிடுவார். ஆறு வருஷமாக இதையே கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவன் எங்கே மாட்டுவான் என்பது ரெனிஷாவுக்கு அத்துப்படி. முகத்தைப் பார்க்கவே கூடாது. செருப்பைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு மேசையைப் பார்க்க வேண்டும்.

ஜெனின் பெண் பார்க்க வந்த அன்று அவள் முதலில் பார்த்தது வாசலில் அவன் கழற்றி வைத்த ஷூவைத்தான். பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தான். ஆனால் அடிப்பக்கத்தை ஒட்டி வெள்ளையாக உப்புக் கோடு பூத்திருந்தது. ஆள் திங்கள்சந்தைக்காரன். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் ஷூவில் உப்புத் தண்ணீர் எப்படி ஏறும்?

அடுத்தது கை. நிச்சயத்துக்கு மோதிரம் போடும்போது அவன் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளிறிக் கிடந்ததைப் பார்த்தாள். என்னது என்று கேட்டாள். ஆபீஸ் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். வீட்டில் இருந்து வேலை பார்ப்பவனுக்கு ஆபீஸ் ஏசி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது, நாகர்கோவிலில் ஒரு ஓட்டல். நிச்சயம் முடிந்த பிறகு இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு சந்தித்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி ஜெனின் லைம் ஜூஸ் மட்டும் வாங்கிக்கொண்டான். பேச்சுக்கு நடுவில் அவன் கண் இரண்டு தடவை பக்கத்து மேசைப் பரோட்டாவுக்குப் போய் வந்தது. ரெனிஷாவும் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி லைம் ஜூஸ்தான் குடித்தாள். அது வேறு விஷயம்.

இவ்வளவும் தெரிந்தும் அவள் ஏன் அப்போதே அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டால், காரணம் வெட்கக்கேடானது. அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, இன்றைக்கு என்ன படம் பார்த்தாய், கதையைச் சொல் என்பான். அவள் சொல்வாள். மாமா வந்து, கல்யாணம் நடந்து, படம் முடிந்துவிடும். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"அதுக்குப் பெறவு அவங்க என்ன தின்னாங்க?"

அவளுடைய ஆய்வு வழிகாட்டிக்கு ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை. அந்தக் கேள்விக்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்தக் கேள்வி எப்படி வரும் என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒரே தலைக்குள் கிடந்து சண்டை போட்டன.

முதல் ஓலை ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனுக்குப் போன் போட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, வீட்டில்தான், இன்றைக்கு வெளியே போகக்கூடாதே என்றான். அவன் பேச்சுக்குப் பின்னால் கண்டக்டர் விசில் இரண்டு தடவை கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு பெண்ணா? சூதாட்டமா? வேலை இல்லாதவன் என்றால்கூடப் பரவாயில்லை, அதற்கு மேலும் ஏதாவது இருந்தால்? மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் அடுத்த வியாழக்கிழமை தாலி. அதற்குள் உண்மை தெரிய வேண்டும். அப்பா சத்தியநேசன் இருந்திருந்தால் ஆளை விட்டு விசாரித்திருப்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. விசாரிக்க வேண்டியது அவளேதான்.

இரண்டாம் ஞாயிறு அம்மா தலை மறைந்ததும் ரெனிஷா பஸ் ஏறினாள். நாகர்கோவிலில் மாறி, திங்கள்சந்தையில் இறங்கி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு விலாசம் தேடிப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவன் அப்பா அம்மா ஆலயத்தில் இருப்பார்கள், சரி. அவன்? எதிரில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுயம்புராஜ் என்பவரிடம் தூரத்துச் சொந்தம் மாதிரிப் பேச்சுக் கொடுத்தாள். அவர் கிறிஸ்தவர் இல்லை, அய்யாவழிக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.

"ஜெனினா? அவன் எட்டு மணிக்கே பஸ் ஏறிப் போனானே. போன ஞாயிறும் போனான். ஓலை வாசிக்க அன்னைக்கு மாப்பிள்ள ஊர் சுத்தப்பிடாதுன்னு நான்தான் சொன்னேன், கேக்கல்ல."

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஊரில் பாதிப் பேர் ஆலயத்துக்குப் போனாலும், மீதிப் பாதிக்கு அவள் ஒருத்தியே காவல்.

"ஏட்டி, எங்கெ போன? ஒருத்தன் வந்து ஒன்னயக் கேட்டான். கூரியர்காரன் மாதிரி இருந்தான், தோளுல பையும் கெடந்து. நீ பஸ் ஏறிப் போனத சொன்னேன். மொகம் வாடிப் போச்சு அவனுக்கு."

ஆய்வுக்குக் கேட்டிருந்த புத்தகமாக இருக்கும் என்று ரெனிஷா நினைத்தாள். கூரியர்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஏது, முகம் ஏன் வாட வேண்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நானூறு படங்களில் பொய்யைப் பிடித்தவள், வேலிக்கு மேலே வந்து நின்றதைக் கோட்டை விட்டாள். அடுத்தவர் பொய்யைத் தேடுகிறவர்களுக்கு இது நடப்பதுதான்.

அந்த வாரம் போனில் இரண்டு பேர் பேச்சும் மாறிவிட்டது. போன ஞாயிறு என்ன செய்தாய் என்று அவன் கேட்டான். வீட்டில்தான், தூங்கினேன் என்றாள். நீங்கள் என்றாள். நானும் தூங்கினேன் என்றான். படக் கதையை அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பொய் சொல்கிறான் என்ற கோபத்தில், தானும் அதே பொய்யைத்தான் சொன்னோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. இன்றைக்கு அவன் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறான் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். ஒன்பதே காலுக்கு ஜெனின் வந்தான். தோளில் லேப்டாப் பை. நேராகப் பூதப்பாண்டி பஸ்ஸுக்குப் போய்ப் பின்பக்கமாக ஏறினான். அது அவள் ஊர்ப் பஸ். அவள் முன்பக்கமாக ஏறி, பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவன் இறங்கியது அவள் ஊர் நிறுத்தத்தில். நான்கு பெண்களுக்குப் பின்னால் அவளும் இறங்கினாள். அவன் அவள் தெருவுக்குள் போனான். அவள் வீட்டு வாசலில் நின்று, பூட்டைப் பார்த்தான். பகவதியம்மாளின் தலை வேலிக்கு மேலே வந்தது. என்ன பேசினார்கள் என்று தெரு முனையில் நின்றவளுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. போன ஞாயிறு திங்கள்சந்தையில் தான் நின்றதும், கேட்டதும், முகம் செத்துத் திரும்பியதும் அப்படியே அவளுக்கு எதிரில் நடந்துகொண்டிருந்தது.

அவன் அங்கிருந்து போய், ஆலயத்தின் பின்மதிலோரம் இருந்த பூவரச மரத்தடியில் நின்றான். கோபுரத்து ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து அறிவிப்புகள் ஆரம்பித்திருந்தன. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீங்க இஞ்ச என்ன செய்யுதிய?"

திரும்பியவன் முகத்தில் முதலில் வந்தது பயம். அதற்குப் பிறகுதான் கோபம்.

"நீ ரெண்டு ஞாயிறா எங்க போற? அத மொதல்ல சொல்லு."

"திங்கள்சந்தைக்கு. ஒங்க வீட்டப் பாக்க."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மதிலில் சாய்ந்துகொண்டான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. ஓட்டலில் நீயும் ஒன்றும் சாப்பிடவில்லையே, அன்று பஸ்ஸில் கண்டக்டரிடம் மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்குகிற பேராசிரியை யாரென்று யோசித்தேன் என்றான். முதல் ஞாயிறு, அவள் வேலை பார்ப்பதாகச் சொன்ன கல்லூரிக்குப் போய் வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறான். கெஸ்ட் லெக்சரர்களை ஏப்ரலோடு நிறுத்தியாயிற்று, ஜூனில் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடவில்லை என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

இதுதான் அந்த வேறு விஷயம். தரகருக்குக் கொடுத்த தாளில் உதவிப் பேராசிரியை என்று தேவகனிதான் எழுதினாள். அழிக்கச் சொல்லியிருக்கலாம். ரெனிஷா சொல்லவில்லை.

"மொத ஞாயிறே தெரியும்னா, பின்ன எதுக்கு மறுபடி மறுபடி வந்திய?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல்ல. சரி, நீ வேற என்னெல்லாம் மறைக்கேன்னு பாக்க வந்தா, வீட்லயும் இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அவனுக்கு வைத்த பரீட்சையும் இதேதான். யார் முதலில் உண்மையைச் சொல்வது என்று பார்த்து, இரண்டு பேருமே தோற்றிருந்தார்கள்.

"கையக் காட்டுங்க," என்றாள்.

காட்டினான். உரிந்த நுனிகள் இன்னும் ஆறவில்லை.

"ஏசியா?"

"ஐஸ்," என்றான். மார்ச்சில் கம்பெனி அவனை வெளியே அனுப்பிவிட்டது. லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு பையை மட்டும் விட்டு வைத்தது. இரண்டு மாதம் விண்ணப்பம் போட்டுப் பார்த்துவிட்டு, கடலோரக் கடியப்பட்டணத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் சேர்ந்தான். மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற வேலை. ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், அதனால் அன்று லீவு. அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியும், கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. போதகர் ஜெபசீலன் ஓலையை எடுத்துவிட்டார்.

"திங்கள்சந்தை சபையைச் சேர்ந்த ஜெனின், பி.இ., மென்பொருள் பொறியாளர் என்பவருக்கும், நமது சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற சத்தியநேசன், தேவகனி ஆகியோரின் மகள் ரெனிஷா, எம்.ஏ., எம்.பில்., உதவிப் பேராசிரியை என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் முறை."

வயல் முழுக்க அது கேட்டது. வரப்பில் நின்ற மாடு மேய்க்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தங்கள் பொய்யைத் தாங்களே அவ்வளவு சத்தமாக அவர்கள் அதுவரைக்கும் கேட்டதில்லை. ரெனிஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதில் தடை அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கலாம்."

கேட்டுவிட்டுப் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டுகிற வரைக்கும்தான் நேரம். அவள் பார்த்த படங்களில் சரியாக இந்த இடத்தில்தான் மாமாவின் கார் வந்து நிற்கும். ரெனிஷா ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் ஒரு கோழி குறுக்கே போனது. இங்கே எந்த மாமாவும் வரப்போவதில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு என்ன தின்பது என்பதை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவரை ஒருவர் வேவு பார்க்க அவளால் முடியாது.

"வாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். எங்கே என்று கேட்டுக்கொண்டே அவன் பின்னால் வந்தான்.

ஓலை நாளில் மணப்பெண் ஆலய வாசலில் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரை யாரும் வந்ததில்லை. ஆனால் எல்லோரும் ஒரே அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்து முன்வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின. மூன்றாவது வரிசையில் தேவகனி எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

போதகர் கண்ணாடியை மாட்டினார். மைக்கை மறந்துவிட்டுச் சாதாரணமாகவே கேட்டார்.

"என்ன மக்கா, தடை ஏதும் சொல்லணுமா?"

"தடை இல்ல ஐயா. வாசிச்சதுல ரெண்டு வேல தப்பு. திருத்தி வாசிக்கணும்."

இப்படியும் ஒன்று இருக்கிறதா என்பதுபோல அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். நல்ல மனுஷர்.

"ஒனக்கு என்ன வேல?"

"இப்ப இல்ல. தேடுதேன்."

பேனா ஒரு கோடு போட்டது. ஆண்கள் பக்கம் நின்ற ஜெனினைப் பார்த்தார். அவன் தொண்டையைச் செருமினான்.

"ஐஸ் பிளாண்டுல, ஐயா. கடியப்பட்டணம்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். போதகர் எழுதி முடித்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசித்தார். ஐஸ் உடைக்கும் தொழிலாளி ஜெனினுக்கும், வேலை தேடும் ரெனிஷாவுக்கும். ஒலிபெருக்கி அதையும் அதே சத்தத்தில் வயலுக்குச் சொன்னது. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். தேவகனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ரெனிஷா ஓரக்கண்ணால் ஜெனினைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், சந்தேகமாகத்தான்.

தேவகனி அன்று பெண்கள் சங்கத்துக்கு நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் முன்னால் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். பெண் பார்க்க வந்தபோது ஊரில் இல்லாத பகவதியம்மாள் வேலிக்கு மேலே வந்து, இது அந்தக் கூரியர்காரன் இல்லையா என்று கேட்டாள்.

வாசலில் ஜெனின் ஷூவைக் கழற்றினான். பாலிஷுக்கு அடியில் உப்புக் கோடு அப்படியேதான் இருந்தது. ரெனிஷா அதைப் பார்த்ததை அவன் பார்த்தான். அதை மறைக்க அவன் முயலவில்லை.

தேவகனி அடுக்களையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே உருட்டினாள். மகள் சபையில் மானத்தை வாங்கிவிட்டாள், மாப்பிள்ளை ஐஸ் உடைக்கிறான், தான் எழுதிய தாளை ஊரறியப் போதகர் அடித்துத் திருத்திவிட்டார். இத்தனைக்கும் மேலே வீட்டுக்கு வந்தவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"சாப்ட்டியளா?"

சாப்பிட்டாயிற்று என்று சொல்ல ஜெனினின் வாய் பழக்கத்தில் திறந்தது. ரெனிஷா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

"இல்ல மாமி. காலைல இருந்து ஒண்ணும் திங்கல்ல. நல்லா பசிக்கு."

தேவகனி சட்டென்று திரும்பி அவனை முதன்முதலாக நேராகப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

"எனக்கும் போடும்மா," என்றாள் ரெனிஷா. இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவள் அவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தேவகனி மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தாள்.